விடலைப் பருவ நடத்தையும் வாழ்நாள் உடல்நலமும்

பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் அடிக்கடி பள்ளிக்கு வராமல் வெளியில் சுற்றுகிறான். வந்த நாட்களில் சக மாணவர்களோடு சண்டையிடுகிறான். ஆசிரியரை எதிர்த்துப் பேசுகிறான். மறைவில் பீடி புகைக்கிறான். இத்தகைய மாணவனை எவ்வாறு நடத்துவது என்ற கேள்வி எழும்போது, பெரும்பாலும் அது ஒழுங்கு நடவடிக்கை பற்றிய கேள்வியாகவே கருதப்படுகிறது. எச்சரிக்கை, பெற்றோரை அழைத்து வரச் செய்தல், தற்காலிக நீக்கம், இறுதியில் மாற்றுச் சான்றிதழ் என்று அதற்கு ஒரு வழக்கமான வரிசையும் உண்டு. மாற்றுச் சான்றிதழ் கொடுக்கப்பட்டவுடன் பள்ளிப் பதிவேட்டில் அந்த மாணவனின் பெயர் அடிக்கப்படுகிறது. பிரச்சினையும் அத்துடன் முடிந்ததாகக் கொள்ளப்படுகிறது.

உண்மையில் அது முடிவதில்லை. முப்பது, நாற்பது, ஐம்பது வயதுகளில் அதே மனிதன் மருத்துவமனைப் புறநோயாளிகளின் வரிசையில் நிற்கும்போது, அவனுடைய நோய்க்கும் பள்ளிப் பருவத்து நடத்தைக்கும் உள்ள தொடர்பை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால், அத்தொடர்பு இருப்பதை, குழந்தைகளைப் பிறப்பு முதல் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வுகள் நிலைநாட்டியுள்ளன. விடலைப் பருவத்து நடத்தைக் கோளாறு கல்வித் துறையின் பிரச்சினை மட்டுமன்று, பொதுச் சுகாதாரத்தின் பிரச்சினையும் ஆகும் என்பதே இவ்வாய்வுகள் உணர்த்தும் செய்தி.

நம் நாட்டின் நிலை

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 10 முதல் 19 வயது வரையிலான வளரிளம் பருவத்தினரின் எண்ணிக்கை இந்தியாவில் 25 கோடிக்கும் அதிகம். அதாவது அன்றைய மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்கு. 2015-16ஆம் ஆண்டில் பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் விஞ்ஞானக் கழகம் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயது வரையிலானவர்களில் 7.3 சதவிகிதத்தினர் ஏதேனும் ஒரு மனநலக் கோளாற்றுக்கு உள்ளாகியிருப்பதாகக் கணக்கிட்டது. நாடு முழுவதற்கும் கணக்கிட்டால் இது ஏறத்தாழ 98 இலட்சம் பேர் ஆகும்.

புகையிலைப் பழக்கமும் இளமையிலேயே வேர்கொள்கிறது. 2019ஆம் ஆண்டின் உலக இளைஞர் புகையிலை ஆய்வின்படி, இந்தியாவில் 13 முதல் 15 வயது வரையிலான மாணவர்களில் 8.5 சதவிகிதத்தினர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்தி வந்தனர். பீடி புகைத்திருந்தோரில் ஏறக்குறையப் பாதிப் பேர் பத்து வயது நிறைவதற்கு முன்பே அதைத் தொட்டவர்கள்.

வயது வந்தோரிடையே நிகழும் அகால மரணங்களில் மூன்றில் இரண்டு பங்கு, இளமையில் தொடங்கிய பழக்கங்களோடும் நிலைமைகளோடும் தொடர்புடையது என உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டுள்ளது. மனநோய்களில் பாதி 14 வயதிற்குள்ளேயே தலைகாட்டுகின்றன என்றும் அவ்வமைப்பு எடுத்துரைத்துள்ளது. எனவே, நாற்பது வயதினருக்கு மருத்துவமனை கட்டுவதோடு சுகாதாரத் திட்டமிடுதல் நின்றுவிடலாகாது.

இயல்பும் கோளாறும்

விடலைப் பருவத்தில் ஓரளவு கட்டுமீறுதல் இயல்பே. உணர்ச்சியையும் இன்ப நாட்டத்தையும் தூண்டும் மூளைப் பகுதிகள் பருவ மாற்றத்தோடு விரைந்து செயல்படத் தொடங்குகின்றன. விளைவை முன்னறிந்து செயலைக் கட்டுப்படுத்தும் முன்மூளைப் பகுதியோ இருபது வயதைக் கடந்த பின்னரே முழு முதிர்ச்சி அடைகிறது. இந்த இடைவெளியில் துணிச்சலும் சினமும் நண்பர்களின் தூண்டுதலும் மேலோங்குவதில் வியப்பில்லை.

பிறரைத் துன்புறுத்துதல், பொருள்களை அழித்தல், திருட்டு, தொடர்ந்த பொய், பள்ளியைத் துறந்து திரிதல் ஆகியவை ஒருமுறை இருமுறை அன்றி, மாதக்கணக்கில் நீடித்து, படிப்பையும் உறவுகளையும் குலைக்கும்போதே அதை நடத்தைக் கோளாறு என மருத்துவம் கொள்கிறது. இயல்பான குறும்பையும் கோளாறையும் ஒரே கோலால் அளப்பது இரண்டு வகையிலும் தீங்கானது. முன்னதற்கு மிகையான தண்டனை கிடைக்கிறது. பின்னதற்குக் கிடைக்கவேண்டிய உதவி கிடைக்காமற் போகிறது.

பிரிட்டனின் 1946 தலைமுறை

1946ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரே வாரத்தில் பிரிட்டனில் பிறந்த 5,362 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து, அவர்களது வளர்ச்சியையும் உடல்நலத்தையும் தொடர்ந்து பதிவு செய்யும் தேசிய ஆய்வு ஒன்று தொடங்கப்பட்டது. அவர்கள் 13, 15 வயதுகளை அடைந்தபோது, ஒவ்வொருவரின் நடத்தை பற்றியும் ஆசிரியர்களிடம் வினாத்தாள் வழியே கருத்துகள் பெறப்பட்டன. கீழ்ப்படியாமை, பொய், பள்ளிக்கு மட்டம் போடுதல் போன்றவை அதில் இடம்பெற்றன. அந்த ஆசிரியர்கள் எவரும் மருத்துவர் அல்லர். தாம் அன்றாடம் கண்டதையே எழுதினர்.

நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் குறிப்புகள் புதிய பொருள் பெற்றன. 3,652 பேரின் விவரங்களை ஆராய்ந்து 2009ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட கட்டுரை, அவர்களை மூன்று பிரிவாக வகுத்தது. கடுமையான நடத்தைப் பிரச்சினை உடையோர் 9.5 சதவிகிதம், மிதமான பிரச்சினை உடையோர் 28.8 சதவிகிதம், ஏனையோர் பிரச்சினை அற்றவர்கள். கடுமையான பிரிவினரில் 65 சதவிகிதத்தினர் எவ்விதத் தேர்ச்சியும் இன்றிப் பள்ளியை விட்டு வெளியேறியிருந்தனர். பிரச்சினை அற்றோரிடையே இது 31 சதவிகிதமே. மனநலம், குடும்ப உறவு, பொருளாதார நிலை என வாழ்வின் பல துறைகளிலும் ஐம்பது வயதைக் கடந்தும் அவர்கள் இடர்ப்பட்டு வந்தனர். மிதமான பிரிவினரும் இந்தப் பாதிப்பிலிருந்து முற்றிலும் தப்பவில்லை. இதே தலைமுறையினரை 65 வயது வரை பின்தொடர்ந்து 2014இல் வெளியான மற்றோர் ஆய்வு, விடலைப் பருவத்தில் நடத்தைப் பிரச்சினை இருந்தவர்களிடையே அகால மரணம் மிகுந்திருந்ததைக் காட்டியது.

டனடின் நகரம் காட்டிய வேறுபாடு

நியூசிலாந்தின் டனடின் நகரில் 1972 ஏப்ரல் முதல் 1973 மார்ச் வரை பிறந்த 1,037 குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு இன்னும் நுட்பமானது. மூன்று வயது தொடங்கி, குறித்த இடைவெளிகளில் அவர்களை நேரில் அழைத்து, இரத்தம், பல், நுரையீரல், மனநிலை ஆகிய அனைத்தையும் சோதித்தனர். இந்த ஆய்வில் பங்குகொண்ட உளவியல் அறிஞர் டெர்ரி மாஃபிட், 1993ஆம் ஆண்டில் ஒரு முக்கியமான பாகுபாட்டை முன்வைத்தார். குழந்தைப் பருவத்திலேயே தொடங்கி வாழ்நாள் முழுதும் நீடிக்கும் நடத்தைக் கோளாறு ஒருவகை. விடலைப் பருவத்தில் மட்டும் தோன்றி, வயது ஏற ஏற மறையும் நடத்தை மற்றொரு வகை. முதல் வகையினர் மிகச் சிலரே. அவர்களிலும் பெரும்பாலோர் ஆண்கள்.

டனடின் ஆண்களை ஆராய்ந்தபோது, சிறுவயது முதல் விடாது தொடர்ந்த கோளாறு உடையோர் 10.5 சதவிகிதம்; விடலைப் பருவத்தில் தொடங்கியோர் 19.6 சதவிகிதம், சிறுவயதில் முரட்டுத்தனம் காட்டிப் பின்னர் அதிலிருந்து மீண்டோர் 24.3 சதவிகிதம் என அறியப்பட்டது. முப்பத்திரண்டாம் வயதில் நடத்திய மருத்துவச் சோதனையில், முதற்பிரிவினரே மிகுந்த நோய்ச்சுமை உடையவர்களாகக் காணப்பட்டனர். புகையிலைக்கும் போதைக்கும் அடிமையாதல், மனச்சோர்வு, நீடித்த மார்ச்சளி, ஈறு நோய், காயங்கள் ஆகியவை அவர்களிடம் மிகுந்திருந்தன. விடலைப் பருவத்தில் தொடங்கியோருக்கும் ஓரளவு பாதிப்பு இருந்தது. சிறுவயதில் மட்டும் முரடர்களாக இருந்து மீண்டவர்களின் உடல்நலமோ பெரிதும் சீராகவே இருந்தது.

இந்த இறுதிச் செய்தியே திட்டமிடுவோர் ஊன்றிக் கவனிக்கத் தக்கது. விடாது தொடர்ந்தவர்களைக் காட்டிலும், மீண்டவர்களின் தொகை இரண்டு மடங்குக்கும் அதிகம். ஏழு வயதில் முரடனாக இருப்பவன் முப்பத்திரண்டு வயதில் நோயாளியாகியே தீரவேண்டும் என்ற விதி ஏதுமில்லை. இடையில் என்ன நிகழ்கிறது என்பதைப் பொறுத்தே எல்லாம் அமைகிறது.

இடையில் விரியும் கண்ணிகள்

அவ்வாறு இடையில் நிகழ்பவற்றை டனடின் ஆய்வாளர்கள் கண்ணிகளுக்கு ஒப்பிட்டனர். 2011இல் வெளியான அவர்களது கட்டுரை, முதல் பத்தாண்டில் தன்னடக்கம் குறைவாக இருந்த குழந்தைகளிடையே பிற்காலத்தில் உடல்நலக் குறைவு படிப்படியாக மிகுவதைக் காட்டியது. குடும்பத்தின் பொருளாதார நிலை, குழந்தையின் அறிவுத்திறன் ஆகியவற்றைக் கணக்கில் கொண்ட பின்னரும் இந்தத் தொடர்பு நிலைத்தது. அக்குழந்தைகள் விடலைப் பருவத்தில் மூன்று கண்ணிகளில் எளிதில் சிக்கினர்: பதினைந்து வயதிற்குள் புகைக்கத் தொடங்குதல், தேர்ச்சியின்றிப் பள்ளியை விட்டு விலகுதல், திட்டமிடாமல் இளவயதிலேயே பெற்றோராதல். பிற்காலத் தீங்கின் ஒரு பகுதி இந்தக் கண்ணிகளின் வழியே வந்ததாகும்.

இதன் இயங்குமுறையை விளங்கிக்கொள்வது கடினமன்று. பதினான்கு வயதில் தொடங்கும் புகைப் பழக்கம் எளிதில் விடுவதில்லை. நாற்பது வயதிற்குள் அது நுரையீரலையும் இரத்தக் குழாய்களையும் கால் நூற்றாண்டு காலம் தாக்கியிருக்கும். சண்டையும் வாகன விபத்தும் நிரந்தர ஊனத்தை விளைவிக்கலாம். படிப்பை இழந்தவனுக்குக் கிடைப்பது பெரும்பாலும் நிலையற்ற, கடுமையான, பாதுகாப்பில்லாத வேலை. வருமானம் குறைவதால் உணவும் மருத்துவமும் குறைகின்றன. ஓயாத மன உளைச்சல் உடலில் அழற்சியை மிகுவித்து இதய நோய்க்கு வழி கோலுகிறது. சினத்தாலும் குடியாலும் உறவுகள் முறியும்போது, நோயுற்ற காலத்தில் தாங்குவாரும் இல்லாமற் போகின்றனர். இவற்றுள் எந்த ஒன்றும் தனித்து நிற்பதில்லை. ஒன்று மற்றொன்றை இழுத்து வருகிறது.

முடிவுகளின் எல்லை

இம்முடிவுகளை அளவறிந்து கொள்ளுதல் வேண்டும். தொடர்பு காணப்படுவதாலேயே நடத்தைதான் நோய்க்குக் காரணம் என்று முடிவு கட்டிவிட இயலாது. வறுமை, வீட்டில் வன்முறை, பெற்றோரின் குடிப்பழக்கம், கற்றல் குறைபாடு ஆகியவை நடத்தைக்கும் நோய்க்கும் பொதுவான வேராக அமையலாம். மேலும், பிரிட்டனிலும் நியூசிலாந்திலும் கண்ட சதவிகிதங்கள் இந்தியாவிற்கு அப்படியே பொருந்தும் என்று கொள்வதற்கில்லை.

எனினும், இளமையில் நிகழ்வது முதுமையைத் தொடும் என்ற கருத்து இந்திய மருத்துவ ஆய்வுக்குப் புதியதன்று. 1969ஆம் ஆண்டில் புது தில்லியில் தொடங்கப்பட்டு, பிறந்த குழந்தைகளைப் பின்தொடர்ந்து வந்த ஆய்வு, இரண்டு வயதில் மெலிந்திருந்து பின்னர் விரைந்து எடை கூடிய குழந்தைகளே முப்பது வயதையொட்டி நீரிழிவுக்கு மிகுதியாக ஆளாவதை 2004இல் எடுத்துக்காட்டியது. குழந்தையின் எடையை அக்கறையோடு குறித்துவைப்பது இன்று அங்கன்வாடிகளின் அன்றாடப் பணி. நடத்தையை அதே அக்கறையோடு நோக்கும் வழக்கம்தான் இன்னும் வேரூன்றவில்லை.

சட்டத்தின் பாதுகாப்பு முடியும் இடம்

பள்ளியை விட்டு விலகுதல் ஒரு கண்ணி என்றால், மாணவனைப் பள்ளியிலிருந்து விலக்குதல் அந்தக் கண்ணிக்குள் அவனைத் தள்ளுவதே ஆகும். இதனை நமது சட்டம் ஓரளவு உணர்ந்துள்ளது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்கலாகாது என விதிக்கிறது. தேர்ச்சி பெறாதோரை அதே வகுப்பில் நிறுத்தி வைப்பது பற்றி 2019இல் செய்யப்பட்ட திருத்தம்கூட, நீக்கத்திற்கான தடையை அகற்றவில்லை. உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் 17ஆம் பிரிவு தடை செய்கிறது.

ஆனால், தொடக்கக் கல்வி என்பது எட்டாம் வகுப்போடு, ஏறத்தாழ 14 வயதில், நிறைவடைகிறது. நடத்தைப் பிரச்சினைகள் உச்சத்தை நெருங்கும் வயதும் அதுவே. உதவி மிகுதியும் தேவைப்படும் கட்டத்தில் நீக்கத்திற்கு எதிரான பாதுகாப்பு முடிந்துவிடுகிறது. 2021-22ஆம் ஆண்டுக்கான கல்விப் புள்ளிவிவரங்களின்படி, உயர் தொடக்க வகுப்புகளில் 3 சதவிகிதமாக இருந்த இடைநிற்றல், ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் 12.6 சதவிகிதமாக உயர்ந்தது. இவ்வாறு விலகியோர் அனைவரும் நடத்தை காரணமாக விலகினர் என்பதில்லை. வறுமையும் திருமணமும் வேலையும் தூரமும் முதன்மையான காரணங்கள். ஆயினும், ஏற்கெனவே வழுக்கும் படியில் நிற்கும் மாணவனை ஒழுங்கு நடவடிக்கையின் பெயரால் தள்ளிவிடுவது எத்தகைய விளைவைத் தரும் என்பதை இந்த எண்கள் உணர்த்துகின்றன.

நாளந்தா தரும் பாடம்

அப்படியானால் பள்ளிகள் செய்யக்கூடியது என்ன? பீகார் மாநிலத்தின் நாளந்தா மாவட்டத்தில் சுமார் 75 அரசுப் பள்ளிகளில் நடத்தப்பட்டு, 2018இல் முடிவுகள் வெளியான ‘சேஹர்’ என்னும் சோதனை இதற்கு விடை தேடியது. பள்ளிக் கூட்டங்களில் உடல்நலம் பற்றிப் பேசுதல், சுவர் இதழ், மாணவர்கள் தம் குறைகளை எழுதிப் போடுவதற்கு ஒரு பெட்டி, குழு விவாதம், தேவைப்படுவோருக்குத் தனி ஆலோசனை ஆகியவை அதன் கூறுகள். ஒரு பகுதிப் பள்ளிகளில் இதற்கென்றே பயிற்சி பெற்ற, மருத்துவர் அல்லாத ஆலோசகர் ஒருவர் பணியாற்றினார். மற்றொரு பகுதியில் அதே பணி ஆசிரியரிடம் ஒப்படைக்கப்பட்டது. எஞ்சிய பள்ளிகளில் வழக்கமான வாழ்க்கைத் திறன் வகுப்புகள் மட்டும் நடைபெற்றன.

ஆலோசகர் இருந்த பள்ளிகளில் பள்ளிச் சூழல் பற்றிய மாணவர்களின் மதிப்பு உயர்ந்தது. மனச்சோர்வும், ஒருவரையொருவர் துன்புறுத்துதலும், வன்முறையும் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தன. ஆசிரியரிடம் ஒப்படைத்த பள்ளிகளிலோ இத்தகைய பயன் காணப்படவில்லை. இது ஆசிரியர்களின் குறை என்று கொள்வது நியாயமன்று. பாடச்சுமையும் தேர்வுப் பணியும் தாங்கும் ஆசிரியருக்கு மாணவனின் துயரைக் கேட்பதற்கு நேரம் கிடைப்பது அரிது. மேலும், மதிப்பெண் இடுபவரிடமே தன் தவறுகளை மனம் திறந்து கூற எந்த மாணவன் முன்வருவான்? புதிய பொறுப்பை ஆசிரியரின் தலையில் சுமத்துவது செலவற்ற வழியாகத் தோன்றலாம். நாளந்தாவின் அனுபவமோ அது பயனும் அற்ற வழியாகக்கூடும் என எச்சரிக்கிறது.

முன்னதாகத் தொடங்குவதிலும் நன்மை உண்டு. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1980களின் நடுவில், முதல் வகுப்புக் குழந்தைகளைக் குழுக்களாகப் பிரித்து, ஒழுங்கு காத்த குழுவுக்குப் பரிசளிக்கும் எளிய வகுப்பறை விளையாட்டு ஒன்று சோதிக்கப்பட்டது. அந்தக் குழந்தைகள் இருபது வயதையொட்டிய பருவத்தை எட்டியபோது, தொடக்கத்தில் மிகுந்த முரட்டுத்தனம் காட்டியிருந்த ஆண்களிடையே போதைப் பழக்கம் கணிசமாகக் குறைந்திருந்தது.

திட்டங்களும் செயலாக்கமும்

இந்தியாவில் இதற்கான அமைப்புகள் இல்லாமல் இல்லை. 2014 ஜனவரியில் தொடங்கப்பட்ட தேசிய வளரிளம் பருவத்தினர் நலத் திட்டம், ஊட்டச்சத்து, இனப்பெருக்க நலம் ஆகியவற்றோடு மனநலம், காயங்களும் வன்முறையும், போதைப்பொருள், தொற்றா நோய்கள் ஆகியவற்றையும் தன் பொறுப்பில் கொண்டுள்ளது. வளரிளம் பருவத்தினருக்கான தனி மருத்துவமனைப் பிரிவுகளும், சக தோழர் வழிக் கல்வியும் அதன் கருவிகள். 2020இல் தொடங்கப்பட்ட பள்ளி நலத் திட்டம், ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு ஆசிரியர்களுக்கு நலவாழ்வுப் பயிற்சி அளிக்க வகை செய்கிறது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட ‘டெலி-மானஸ்’ தொலைபேசிச் சேவையில், 14416 என்ற எண் வழியே எவரும் மனநல ஆலோசனை பெறலாம். புகையிலைப் பொருள்களைப் பதினெட்டு வயதிற்குட்பட்டோருக்கு விற்பதையும், கல்வி நிலையங்களிலிருந்து 100 கெஜ தூரத்திற்குள் விற்பதையும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது.

குறைபாடு இருப்பது இவற்றை ஒன்றோடொன்று இணைப்பதில்தான். நீண்ட நாள் வராத மாணவனின் பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. ஆலோசகர் மாவட்ட மருத்துவமனையில் இருக்கிறார். பீடி விற்கும் கடை பள்ளி வாயிலுக்கு எதிரே இருக்கிறது. ஒரு துறையின் தகவல் மற்றொரு துறையைச் சென்றடைவதில்லை. நான்கு நடவடிக்கைகள் பெரும் செலவின்றி மேற்கொள்ளத் தக்கவை. முதலாவது, ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவனுக்கு மாற்றுச் சான்றிதழ் வழங்கும் முன், ஆலோசகர் ஒருவர் அவனையும் பெற்றோரையும் சந்தித்திருக்கவேண்டும் என்ற விதி. இரண்டாவது, தொடர்ந்து வராத மாணவனைத் தண்டனைக்கு உரியவனாகக் கொள்ளாமல், உதவி தேவைப்படுபவனாகக் கருதி வளரிளம் பருவத்தினர் மருத்துவப் பிரிவுக்கு அனுப்பும் முறை. மூன்றாவது, சில பள்ளிகளுக்குப் பொதுவாகவேனும், கற்பிக்கும் பணி இல்லாத ஓர் ஆலோசகர். நான்காவது, பள்ளியைச் சுற்றிப் புகையிலை விற்பனைத் தடையைக் கண்டிப்பாக நிறைவேற்றுதல்.

இவற்றைச் செய்யும்போது மாணவன் மீது நிரந்தர முத்திரை குத்தப்படாமல் பார்த்துக்கொள்வது அவசியம். நடத்தை பற்றிய குறிப்பு உதவிக்கான வழிகாட்டியாக இருக்கலாம். சான்றிதழில் ஏறிப் பின்னாளில் அவனுடைய வேலைவாய்ப்பைத் தடுக்கும் கறையாகிவிடக் கூடாது. வாய்திறவாமல் ஒடுங்கிக் கிடக்கும் மாணவியும் கவனத்திற்கு உரியவளே. வகுப்பைக் குலைப்பவன் கண்ணில் படுவது போல, மனச்சோர்வில் வாடுபவள் கண்ணில் படுவதில்லை.

பிரிட்டனில் ஆசிரியர்கள் 13, 15 வயது மாணவர்களைப் பற்றி எழுதியவை, அரை நூற்றாண்டுக்குப் பின் அவர்களின் வாழ்வைப் பற்றிய முன்னறிவிப்பாக அமைந்தன. அன்று அந்தக் குறிப்புகளைக் கொண்டு எதுவும் செய்ய எவரும் அறிந்திருக்கவில்லை. இன்று நம் பள்ளிகளிலும் அத்தகைய செய்திகள் வருகைப் பதிவேட்டிலும் ஆசிரியர்களின் நினைவிலும் நாள்தோறும் சேர்ந்துகொண்டிருக்கின்றன. சிறுவயது முரட்டுத்தனத்திலிருந்து மீள்வோரே மிகுதி என்பதும், மீளும் பாதையில் பள்ளி ஒரு பெரிய ஊன்றுகோல் என்பதும் இப்போது தெளிவாகிவிட்டன. ஆகவே, பதினான்கு வயது மாணவன் ஒருவனைப் பள்ளியில் இருத்தி வைப்பதற்காகச் செலவிடப்படும் நேரமும் பொருளும், அவனுடைய நாற்பதாம் வயதின் உடல்நலத்திற்காகச் செய்யப்படும் முதலீடே ஆகும்.